கேஸ் நிரப்பும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

கோடை மதியத்தில் கடற்காற்று மெரினாவுக்கு வந்துவிட்ட பிறகும் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் அது வந்து சேர நேரமாகும். சில நாள்களில் வராமலே போகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் மேற்குப் புறநகரில் கத்திரி வெயில் வழக்கமாகவே ஒரு பிடி கூடுதலாகக் காயும். அந்த வெயிலில் வானகரத்திலோ அம்பத்தூர் டன்லப் சிக்னலிலோ நிற்கும் காரில் ஏசி சட்டென்று வெதுவெதுப்பான காற்றை ஊதத் தொடங்குகிறது. பச்சை விழுந்து வண்டி வேகம் எடுத்ததும் மீண்டும் ஜில்லென்று ஆகிறது. மறுநாள் காலை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினால் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி ஓடுகிறது.

இப்படி விட்டு விட்டு வரும் கோளாறுக்கு ஊரெங்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: “கேஸ் கம்மியா இருக்கும் சார், போட்டுடலாம்.” கேஸ் போடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து அதே சிக்னலில் அதே சூடு. அடுத்த பட்டறையில் மீண்டும் கேஸ். அதற்கும் அடுத்த பட்டறையில் “கம்ப்ரஸரே போயிடுச்சு” என்று சொல்லிவிடுகிறார்கள். சில நூறு ரூபாய் ரிலேயில் முடிந்திருக்கக்கூடிய வேலை பல ஆயிரங்களில் போய் நிற்கிறது.

இந்த வழக்கம் மாற வேண்டும். மாற்றத்தைக் கார் உரிமையாளரே தன் வீட்டு வாசலில் தொடங்கலாம். விட்டு விட்டு வேலை செய்யும் ஏசியின் கோளாறு பல வேளைகளில் மின் இணைப்பிலோ, ஃபேனிலோ, தூசி அடைப்பிலோதான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கக் கேஸ் குழாயைத் திறக்கவே வேண்டாம். திறந்தே ஆக வேண்டிய வேலை வரும்போது, அதைச் செய்பவரிடம் உரிய கருவியும் பயிற்சியும் இருக்க வேண்டும். அந்தக் காரின் தொழில்நுட்ப விவரங்கள் அவருக்குத் தடையின்றிக் கிடைக்கவும் வேண்டும்.

காரும் இங்கேதான், உதிரியும் இங்கேதான்

இதைக் கேட்கும் தகுதி இந்தப் பகுதிக்கு நிறையவே உண்டு. 1960களில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸனர்ஸ் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. சக்கரமும், ஸ்டார்டர் மோட்டாரும், பிரேக்கும், போல்ட்டும் இங்கிருந்து நாடு முழுவதும் போயின. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. லேத்தும் அச்சு வார்ப்பும் தெரிந்த கைகள் ஆயிரக்கணக்கில் அதைச் சுற்றிக் குடியேறின. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1960களிலிருந்தே ராணுவ டாங்கிகள் தயாராகின்றன. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை. 1998இல் ஹூண்டாய் சான்ட்ரோ அங்கிருந்துதான் வெளியே வந்தது.

இயந்திரத்தோடு பிறந்து வளர்ந்த ஊர் இது. ஒரு பேரிங் கத்தும் சத்தத்தை வைத்தே எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும் ஆட்கள் மண்ணூர்பேட்டையிலும் திருமுல்லைவாயலிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஏசி விஷயத்தில் மட்டும் ஊகத்தின் பேரில் வேலை நடப்பது பொருந்தவில்லை. திறமைக் குறைவு இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஏசி மூடிய குழாய்க்குள் நடக்கும் வேலை. கண்ணால் பார்க்க வழியில்லை. போதாக்குறைக்கு அதை இயக்குவதும் நிறுத்துவதும் இப்போது கணினியின் கையில். அந்தக் கணினி என்ன சொல்கிறது என்று தெரியாதபோது, கையில் இருக்கும் கேஸ் சிலிண்டரே எல்லாவற்றுக்கும் விடையாகிவிடுகிறது.

‘டக்’ என்ற அந்தச் சத்தம்

காரின் ஏசி எப்படி ஓடுகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இன்ஜின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரஸர் கேஸை அழுத்திச் சூடாக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சர் அந்தச் சூட்டை வெளியே தள்ளிக் கேஸைத் திரவமாக்கும். எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியே அந்தத் திரவம் பீறிட்டு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகும்போது உள்ளே உள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் காயிலின் ஊடாக புளோயர் ஊதும் காற்றுதான் முகத்தில் படும் குளிர்க்காற்று.

1939இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் முதன்முதலாகத் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திய காரை அறிமுகப்படுத்தியபோது அதில் கம்ப்ரஸர் கிளட்ச் கிடையாது. ஏசியை நிறுத்த வேண்டுமென்றால் இன்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். பின்னால் வந்த மின்காந்தக் கிளட்ச்தான் ஏசியை ஒரு பொத்தானுக்குள் கொண்டுவந்தது. பெல்ட் சுற்றும் புல்லி எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தியதும் கிளட்ச் காயிலுக்கு 12 வோல்ட் மின்சாரம் போய், அது காந்தமாகி, முன்னால் இருக்கும் தட்டை ‘டக்’ என்று புல்லியோடு இழுத்து ஒட்டவைக்கும். கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்.

விட்டு விட்டு வரும் கோளாறுகளில் கணிசமானவை இந்த ‘டக்’கில்தான் குடியிருக்கின்றன. புல்லிக்கும் தட்டுக்கும் நடுவே பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்கும். ஆண்டுக்கணக்கில் ஒட்டிப் பிரிந்து ஒட்டிப் பிரிந்து தட்டு தேயத் தேய, இடைவெளி கூடும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது காந்தம் அந்தத் தூரத்தையும் இழுத்துவிடும். மதியம் நெரிசலில் பானெட்டுக்குள் சூடு ஏறியதும் கதை மாறும். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். 30 டிகிரியில் இருந்த காயில் 110 டிகிரிக்குப் போனால் தடை ஏறத்தாழ 30 சதவீதம் உயர்ந்திருக்கும். மின்னோட்டம் அதற்கேற்பக் குறையும், காந்தம் பலவீனமாகும், தட்டு நகராது. வண்டியை அரை மணி நேரம் நிழலில் போட்டு எடுத்தால் மறுபடியும் ‘டக்’. காலையில் காட்டும்போது மெக்கானிக்குக் கோளாறே தெரியாமல் போவதற்கு இது ஒரு காரணம். இந்தக் கோளாறுக்குக் கேஸ் போட்டுப் பயனே இல்லை. பல வண்டிகளில் தட்டுக்குப் பின்னால் மெல்லிய வாஷர்கள் இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டாலே இடைவெளி குறைந்து கிளட்ச் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

எப்போது நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்

வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைகளில் தலையானதற்கு ஒரு கருவியும் தேவையில்லை. ஏசி எப்போது நிற்கிறது, எப்போது திரும்புகிறது என்று குறித்துவைத்தால் போதும். வண்டி நிற்கும்போதா, ஓடும்போதா? கிளம்பியவுடனா, ஒரு மணி நேரம் கழித்தா? காற்றின் வேகம் குறைகிறதா, அல்லது காற்று அதே வேகத்தில் வந்து குளிர்ச்சி மட்டும் போகிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடாகி, ஓட்டத்தில் சரியாகிவிட்டால் சந்தேகம் கண்டன்சர் மீதும் அதன் ஃபேன் மீதும் விழ வேண்டும். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். நிற்கும் வண்டிக்கு ஃபேன்தான் கதி. ஃபேன் சுற்றாவிட்டால் குழாயில் அழுத்தம் ஏறும்; எல்லை மீறியதும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். மேற்குப் புறநகரில் இதற்குக் கூடுதல் காரணமும் உண்டு. போரூரிலிருந்து பூந்தமல்லி வரை மெட்ரோ ரயில் பணிகள் நடந்த ஆண்டுகளில் சாலையோரம் பறந்த சிமென்ட் தூசியும், நெடுஞ்சாலைக் கனரக லாரிகள் கிளப்பும் புழுதியும் கண்டன்சரின் நுண்ணிய தகடுகளுக்குள் போய் அப்பிக்கொள்கின்றன.

ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு காற்றே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுவிட்டால், கூலிங் காயிலில் பனி உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். சென்னைக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. காயிலின் வெப்பநிலையைப் பார்த்து கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய சென்சார் சரியாக வேலை செய்யாவிட்டால் அந்த ஈரம் காயில் மேல் பனிக்கட்டியாகப் படிந்து காற்றின் வழியை அடைத்துவிடும். ஏசி பொத்தானை அணைத்துவிட்டு புளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டால் பனி உருகிக் காற்று திரும்பும். அப்படித் திரும்பினால், மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டிய செய்தி கையில் கிடைத்துவிட்டது.

கம்ப்ரஸர் சில நொடிகளுக்கு ஒருமுறை ‘டக் டக்’ என்று ஒட்டுவதும் விடுவதுமாக இருந்தால் கேஸ் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். அப்போதும் கேட்க வேண்டிய கேள்வி, அது எங்கே போனது என்பதுதான். கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. கணிசமாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

இன்னொரு வகையும் உண்டு. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து முந்தும்போது ஏசி சில நொடிகள் நின்று திரும்பினால் பல கார்களில் அது கோளாறே அல்ல; இன்ஜினுக்கு முழு பலமும் கிடைக்கக் கணினி எடுக்கும் முடிவு. ஆனால் இன்ஜின் சூட்டு முள் மேலே ஏறிய நேரத்தில் ஏசி நின்றால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். இன்ஜினைக் காப்பாற்றத்தான் கணினி ஏசியை நிறுத்தியிருக்கும். அப்போது ஏசியை மறந்துவிட்டு கூலன்டைப் பார்க்க வேண்டும், அதுவும் இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு.

ஞாயிற்றுக்கிழமை காலை செய்ய முடிந்தவை

ஏசி ஃபில்டரில் தொடங்கலாம். பெரும்பாலான கார்களில் அது இடது பக்க டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கழற்ற ஸ்குரூடிரைவர்கூடத் தேவைப்படாத வண்டிகள் உண்டு. வேப்பமரத்தடியில் நிற்கும் காரில் ஃபில்டரை இழுத்தால் காய்ந்த பூவும் சருகும் கருப்புத் தூசியும் கம்பளமாகப் படிந்திருக்கும். காற்றுக் குறைவுக்கும் பனி உறைவுக்கும் இந்த அடைப்பே காரணமாகலாம். மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது கண்டன்சர். இன்ஜின் குளிர்ந்த நிலையில், தோட்டக் குழாயின் மெதுவான தண்ணீரால் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியின் வேகம் தகடுகளை மடக்கிவிடும், அதைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. கழுவும்போதே குழாய் இணைப்புகளையும் உற்றுப் பார்க்க வேண்டும். கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் எண்ணெயும் உள்ளே ஓடுவதால், கசியும் இடத்தில் எண்ணெய் பிசுபிசுத்துத் தூசி கருப்பாக ஒட்டியிருக்கும். கேஸ் ஏற்றும் இரண்டு வாய்களிலும் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா என்பதும் முக்கியம். முந்தைய சர்வீஸில் மூடியைத் தொலைத்துவிட்டு அப்படியே அனுப்பிய வண்டிகள் ஏராளம். உள்ளே இருக்கும் சின்ன வால்வு லேசாகக் கசிந்தாலும் அந்த மூடிதான் இரண்டாவது காவல்.

மூன்றாவது ரிலே. பானெட்டுக்குள் இருக்கும் ஃப்யூஸ் பெட்டியின் மூடியில் எந்த ரிலே எதற்கு என்று படம் போட்டிருக்கும். பல வண்டிகளில் ஏசி ரிலேயும் ஹாரன் ரிலேயும் ஒரே எண் கொண்டவை. எண் ஒன்றாக இருந்தால், சாவியை அணைத்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுச் சில நாள் ஓட்டிப் பார்க்கலாம். ஏசி சரியாகி ஹாரன் மக்கர் செய்தால் குற்றவாளி சிக்கிவிட்டான். ரிலேயைக் கழற்றும்போது அதன் கால்களையும் பார்ப்பது நல்லது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் இந்தப் பக்கம் அநேகம். மிக்ஜாமில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அப்படி நனைந்த வண்டிகளின் ரிலே கால்களிலும் எர்த் இணைப்பிலும் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். வண்டி குலுங்கும்போது தொடர்பு அறுந்து ஒட்டுவதால் ஏசியும் போய்ப் போய் வரும். எலி கடித்த ஒயரும் இதே வேலையைச் செய்யும்.

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். ஏசி நின்றுபோன அந்த நேரத்தில் கம்ப்ரஸர் கிளட்ச் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரம் வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் கோளாறு கிளட்சில். மின்சாரமே வரவில்லை என்றால் ரிலே, ஃப்யூஸ், பிரஷர் சுவிட்ச், சென்சார், ஒயரிங் ஆகியவற்றில் ஒன்று. இந்த ஒரு சோதனை கோளாறு இருக்கும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் பக்கம் கையோ, துப்பட்டாவோ, சட்டைக் கையோ போகக் கூடாது. இன்ஜினை நிறுத்திய பிறகும் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கலாம். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அங்கே கை வைக்கக் கூடாது

உரிமையாளரின் வேலை கேஸ் குழாயின் வெளிச்சுவரோடு முடிகிறது. பெரும்பாலான கார்களில் ஓடும் ஆர்134ஏ என்ற கேஸ், மைனஸ் 26 டிகிரியில் கொதித்து ஆவியாகக்கூடியது. அழுத்தத்தோடு பீறிட்டுக் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கடைகளில் சிறு டப்பாக்களில் இந்தக் கேஸ் விற்கிறது என்பதற்காக அதை வாங்கி வீட்டில் ஏற்றுவது பெரிய தவறு. சிறிய கார்களுக்கு ஏறத்தாழ அரை கிலோ கேஸ் போதும். எத்தனை கிராம் என்பது பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அச்சாகியிருக்கும். கண்மதிப்பில் ஏற்றி அளவு மிஞ்சினால் அழுத்தம் கூடி பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்தும். எந்தக் கோளாறைத் தீர்க்கக் கேஸ் போட்டோமோ, அதே கோளாறு கேஸ் போட்டதாலேயே வரும். வாக்கியூம் போடாமல், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுக்காமல் ஏற்றினால், உள்ளே தங்கும் ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து ஏசியை விட்டு விட்டு நிறுத்தும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் குழாயையும் அரிக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று எரியக்கூடிய எல்பிஜி வகைக் கேஸை ஏற்றினால், கசிவது மூடிய காருக்குள், பயணிகளின் முகத்துக்கு நேராக.

இதைவிட ஆபத்தான பழக்கம் ‘டைரக்ட்’ கொடுப்பது. பிரஷர் சுவிட்சையும் கணினியையும் ஒதுக்கிவிட்டு, பேட்டரியிலிருந்து நேராகக் கிளட்சுக்கு ஒயர் இழுத்துவிடுவார்கள். அன்றைக்கு ஏசி ஓடும். அழுத்தம் எல்லை மீறும் நாளில் அதை நிறுத்த ஆள் இருக்காது. உரிமையாளர்கள் இதற்கு ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. மின்சாரக் கார்களிலும் பல ஹைப்ரிட் கார்களிலும் கம்ப்ரஸர் பல நூறு வோல்ட்டில் ஓடக்கூடியது; ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் வீட்டுச் சோதனையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

காற்றில் கரையும் அரை கிலோ

கசிவை அடைக்காமல் மேலே மேலே கேஸ் ஏற்றுவதன் செலவு கார்க்காரரின் பையோடு நிற்பதில்லை. 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்பாட்டின் விளைவாக, ஓசோன் படலத்தைத் தின்ற ஆர்12 கேஸைக் கார்கள் கைவிட்டன. அதன் இடத்துக்கு வந்ததுதான் ஆர்134ஏ. இது ஓசோனைத் தொடாது. ஆனால் புவியைச் சூடாக்குவதில், நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ ஆர்134ஏ ஏறத்தாழ 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு சிறிய காரின் அரை கிலோ கேஸ் காற்றில் கரைந்தால் சுமார் 300 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்கு ஒப்பாகும். கத்திரி வெயிலை இன்னும் கடுமையாக்கும் பொருளையே, அந்த வெயிலுக்குப் பயந்து வீணாகத் திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

2016இல் ருவாண்டாவின் கிகாலியில் உலக நாடுகள் இத்தகைய கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டன. இந்தியா 2021இல் அந்தத் திருத்தத்தை ஏற்றது. இங்கே குறைப்பு 2032இல் தொடங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களில் ஆர்134ஏ இல்லை. அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு கார் ஏசி வேலை செய்பவர் அதற்கென்று சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அங்கே கேஸைக் காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். நம் பட்டறைகளில் பழைய கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் இயந்திரம் இன்னும் எல்லார் கைக்கும் எட்டவில்லை.

விவரம் யாருக்குச் சொந்தம்?

‘டைரக்ட்’ கொடுக்கும் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. காரின் ஒயரிங் வரைபடம் அவரிடம் இல்லை. அந்த நிறுவனத்தின் கணினியோடு முழுதாகப் பேசும் ஸ்கேனர் அவரிடம் இல்லை. ஏசி ஏன் நின்றது என்பதைக் கார் தன் நினைவில் எழுதிவைத்திருக்கலாம். அதைப் படிக்க அவருக்கு வழியில்லை. கிளட்ச் ரிலே சுற்றில் கோளாறு என்றால் பி0645 என்பது போன்ற எண் பதிவாகும். பொதுவான எண்களைச் சாதாரண ஸ்கேனரும் படித்துவிடும். ஏசிக்கே உரிய நுட்பமான பதிவுகளைப் பார்க்கப் பல வேளைகளில் நிறுவனத்தின் சொந்தக் கருவி வேண்டியிருக்கிறது.

இந்தப் பூட்டை உடைக்கும் தீர்ப்பு இந்தியாவில் எப்போதோ வந்துவிட்டது. 2011இல் வந்த ஒரு புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யாமல் முடக்கிவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்குகளுக்கு அவை கிடைக்க வேண்டும் என்றும், வெளியே ரிப்பேர் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை முற்றாக ரத்து செய்யக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. ஹூண்டாய்க்கு 2015இல் தனியாக சுமார் 420 கோடி அபராதம் வந்தது. பிறகு மேல்முறையீடுகளில் ஆண்டுகள் ஓடின. 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’க்காகக் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றோடு வாகனங்களும் அந்தத் திட்டத்தில் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இலேயே இதைக் கார்களுக்குச் சட்டமாக்கிவிட்டது. இந்தியாவில் இன்னமும் கட்டாயச் சட்டம் தேவைப்படுகிறது.

ஏசி பழுதை வசதியானவர்களின் சொகுசுப் பிரச்சினை என்று ஒதுக்கவும் கூடாது. ஆவடியிலிருந்தும் திருவேற்காட்டிலிருந்தும் தினமும் நகருக்குள் வண்டி ஓட்டும் கால் டாக்ஸி ஓட்டுநர்களுக்கு ஏசிதான் மதிப்பெண்ணும் வருமானமும். ஏசி சரியில்லை என்று பயணி ஒரு புகார் பதிந்தால் அது அவர் பிழைப்பில் கை வைக்கும். தவணை கட்டும் வண்டியைப் பட்டறையில் விட்ட ஒவ்வொரு நாளும் நஷ்டம். 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்கும் ஏசியை மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. நசரத்பேட்டை வழியாகப் போகும் லாரிகளிலும் இனி ஏசி பழுதாகும். சரிபார்க்கத் தெரிந்த கைகளின் தேவை பெருகும்.

என்ன செய்யலாம்

மூன்று காரியங்களை உடனே தொடங்க முடியும். ஒன்று பட்டறைகளுக்கு. கேஸ் ஏற்றும் ஒவ்வொரு ரசீதிலும் மூன்று விவரங்கள் இருக்க வேண்டும்: பழைய கேஸ் எத்தனை கிராம் எடுக்கப்பட்டது, கசிவுச் சோதனையில் என்ன தெரிந்தது, புதிதாக எத்தனை கிராம் ஏற்றப்பட்டது. எடைக்கருவியும் வாக்கியூம் பம்பும் இல்லாமல் இந்த விவரங்களை எழுத முடியாது. ரசீதில் அவற்றைக் கேட்கத் தொடங்கினாலே ஊகத்தில் கேஸ் ஏற்றுவது குறையும். வாடிக்கையாளரும் கடையில் இறங்கியவுடன் “கேஸ் போடுங்க” என்று சொல்வதை விட்டுவிட்டு, “எங்கே கசியுதுன்னு பாருங்க” என்று கேட்க வேண்டும். கண்டுபிடிக்கும் உழைப்புக்குத் தனிக் கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கவும் வேண்டும். ஒரு மணி நேரம் செலவழித்து ஒரு எர்த் ஒயரைச் சுத்தம் செய்து கொடுத்த மெக்கானிக்குக் கூலி கிடைக்காமல், உடனே கேஸ் ஏற்றியவருக்கு மட்டும் கிடைத்தால், நாளைக்கு அவரும் சிலிண்டரைத்தான் தேடுவார்.

இரண்டாவது அரசுக்கு. அம்பத்தூரில் அரசு ஐடிஐ இருக்கிறது. மோட்டார் வாகன மெக்கானிக், குளிர்சாதன மெக்கானிக் என்று இரண்டாண்டுப் பயிற்சிகள் ஐடிஐகளில் தனித்தனியாக நடக்கின்றன. கார் ஏசி இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிற வேலை. பட்டறைகளில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்கள் மாலையில் வந்து படிக்கும்படி, கேஸை மீட்டெடுப்பதும் மின்சுற்றைச் சோதிப்பதும் சேர்ந்த குறுகியகாலச் சான்றிதழ்ப் படிப்பை அங்கே தொடங்கலாம். தொழிற்பேட்டைச் சங்கங்களும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் கார் நிறுவனங்களும் இதற்குப் பழைய இன்ஜினையும் கருவிகளையும் தந்து உதவலாம். கேஸை மீட்டெடுக்கும் இயந்திரம் ஒவ்வொரு சிறு பட்டறைக்கும் கட்டுப்படியாகாது. நாலைந்து பட்டறைகள் சேர்ந்து ஒன்று வாங்க மானியம் கொடுத்தால், பூந்தமல்லியிலும் பட்டாபிராமிலும் அது தினமும் வேலை செய்யும்.

மூன்றாவது கார் நிறுவனங்களுக்கு. ஏசியின் ஒயரிங் வரைபடம், கேஸின் அளவு, கிளட்ச் இடைவெளி, கோளாறு எண்களின் பொருள் ஆகியவற்றை எல்லாரும் படிக்கும்படி தமிழிலும் வெளியிட வேண்டும். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் கட்டும் தொழிலாளிக்குப் புரியும் மொழியில்தான் அவருடைய வேலைப் பயிற்சி நடக்கிறது. அந்தக் காரை வாங்கியவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் மட்டும் அதே மொழியில் விவரம் தர முடியாது என்பதற்கு நியாயமில்லை. போட்டி ஆணையத்தின் உத்தரவு வந்து பத்தாண்டுகள் கடந்துவிட்டன. பழுது பார்க்கும் உரிமைக்கான மத்திய அரசின் திட்டத்தை நாடாளுமன்றத்தில் மசோதாவாகக் கொண்டுவர வேண்டிய நேரம் இது. ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரும் கூட்டத்தொடரிலேயே இந்தக் கேள்வியை அங்கே எழுப்ப வேண்டும்.